ஆசீர்வாதம் பாக்கி

அந்தச் சபையில் பாஸ்டருக்கு என்னென்ன அதிகாரம் இருக்கிறது என்று கேட்டால், அவர் மனைவி பாஸ்டரம்மா விரல் விட்டு எண்ணிச் சொல்லிவிடுவாள். அதற்கு ஒரு விரல் போதும்.

கோயில் சாவி செயலாளரிடம். அவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். சாவிக்கொத்தை இடுப்பில் தொங்கவிட்டுக்கொண்டு அவர் நடந்து வந்தால், ஆள் வருவதற்கு முன்பே சத்தம் வந்துவிடும். என்ன பாட்டுப் பாடுவது என்பது பாடகர் குழுத் தலைவரின் இஷ்டம். மின்விசிறிக்கு அதிபதி பொருளாளரின் மனைவி. அந்த அம்மாவுக்குக் குளிர் எடுத்தால் சபை முழுவதும் வியர்த்து வழியும். பிரசங்கத்தையாவது பாஸ்டர் இஷ்டத்துக்கு விட்டார்களா? அதுவும் இல்லை. முன் இருக்கையில் உட்கார்ந்திருக்கும் செயலாளர், கைக்கடிகாரத்தைக் கழற்றி, அது ஓடுகிறதா என்று காதில் வைத்துப் பார்ப்பார். அவ்வளவுதான், பாஸ்டர் சொல்லிக்கொண்டிருந்த கதையைப் பாதி வழியில் இறக்கிவிட்டு "ஜெபிப்போமாக" என்று கண்ணை மூடிக்கொள்வார். அந்தக் கதைகளில் வந்த மனிதர்கள் பலர் இன்னும் வீடு போய்ச் சேரவில்லை.

மிஞ்சியது ஒன்றே ஒன்று. ஆராதனையின் கடைசியில் இரண்டு கையையும் உயர்த்தி ஆசீர்வாதம் கூறுவது. கிருபை, அன்பு, ஐக்கியம் என்று வரிசையாக வந்து, "உங்கள் அனைவரோடும்" என்று முடியும். உடனே பாஸ்டரம்மா கீபோர்டில் மூன்று ஆமென் வாசிப்பாள். மூன்றாவது ஆமென் அடங்கும்வரை யாரும் தலை நிமிர்த்த மாட்டார்கள், செருப்பைத் தேட மாட்டார்கள். அபிஷேகம் பெற்ற போதகர் தவிர வேறு யாரும் அந்த வார்த்தையைச் சொல்லக்கூடாது. அது கிடைக்காமல் யாரும் வாசல் தாண்டவும் கூடாது. இதில் மட்டும் அந்தச் சபை மலை மாதிரி அசையாது.

எவ்வளவு தூரம் என்றால், முன்பு இருந்த பாஸ்டர் ஒரு முறை வெளியூர் போயிருந்தபோது செயலாளரே ஆராதனை முழுவதையும் நடத்திவிட்டார். பிரசங்கமும் அவரே. எல்லாம் முடிந்து "போய் வாருங்கள்" என்றார். ஒரு ஆள் எழுந்திருக்க வேண்டுமே! கடைசியில், வெளியே நின்ற ஒரு டிரைவரை அனுப்பி, பக்கத்துத் தெருவில் உடம்பு முடியாமல் படுத்திருந்த ஒரு வயதான போதகரைக் காரில் அள்ளிப் போட்டுக்கொண்டு வரச்செய்து, வீட்டுச் சட்டையோடு கை உயர்த்தவைத்துவிட்டுத்தான் ஜனம் கலைந்தது. அந்தப் போதகரும் இப்போது இல்லை.

பாஸ்டரம்மாவுக்கு இதெல்லாம் சிரிப்பாகத்தான் இருந்தது, மைக்காரர் விவகாரம் வரும்வரைக்கும்.

மைக்காரர் என்றால் கோயிலில் ஒலிபெருக்கி வேலை பார்த்தவர். வெளியே மைக்செட் கடை வைத்திருந்தார், கோயிலுக்குச் சும்மா செய்துகொடுத்தார். செயலாளர் வாசிக்கும் அறிவிப்புகள் பிரசங்கத்தைவிட நீளம். ஒரு ஞாயிற்றுக்கிழமை, செருப்பு எங்கே விடவேண்டும், எப்படித் திருப்பி விடவேண்டும், இடது செருப்பு எந்தப் பக்கம் என்று அவர் விளக்கிக்கொண்டிருந்தபோது மைக் செத்துவிட்டது. செயலாளர் வாயசைக்கிறார், சத்தம் வரவில்லை. எல்லோரும் திரும்பிப் பார்த்தால், மைக்காரரின் கை சுவிட்சின் மேல் இருக்கிறது.

"கரண்ட் போச்சா?" என்று கேட்டார் செயலாளர்.

"இல்ல சார், பொறுமை போச்சு" என்றார் மைக்காரர்.

சிரித்தவர்களில் பாஸ்டரம்மாவும் ஒருத்தி. அந்தச் சிரிப்புத்தான் செயலாளரைச் சுட்டது. மறுவாரமே கமிட்டி கூடி, மைக்காரர் சபையின் முன்னால் மன்னிப்புக் கேட்கும்வரை குடும்பத்தோடு கோயிலுக்குள் காலடி வைக்கக்கூடாது என்று தீர்மானம் போட்டுவிட்டது. "ஆண்டவர்கிட்ட ஆயிரம் தடவை கேட்பேன், செருப்பு அறிவிப்புகிட்ட கேட்க மாட்டேன்" என்று மைக்காரரும் முறுக்கிக்கொண்டார். ஆனால் வராமல் இருந்தாரா? ஒவ்வொரு ஞாயிறும் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு, மகளையும் கூட்டிக்கொண்டு வந்து, வாசலுக்கு வெளியே ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிடுவார். "உள்ள வராதேன்னாங்க, வரலை. வெளியில உட்காராதேன்னு யாரும் சொல்லலையே." தான் மாட்டிய ஒலிபெருக்கியிலேயே ஆராதனை கேட்பார்.

உள்ளே மைக்கைப் பொருளாளரின் மச்சான் ஏற்றுக்கொண்டார். அன்றிலிருந்து அது ஊளையிடாத வாரம் கிடையாது.

அந்த மகள்தான் பாஸ்டரம்மாவின் தலைவலி. தாயில்லாத பெண். பாடகர் குழுவில் இருந்தபோது கீபோர்டு பக்கத்தில் நின்று பாட்டுப் புத்தகத்தின் பக்கம் திருப்பிவிடுவாள். பாஸ்டரம்மா தாளம் தப்பினால் வெளியே தெரியாமல் விரலால் மேசையைத் தட்டிக்கொடுப்பாள். விவகாரம் வெடிப்பதற்கு முன்பே அவள் கல்யாணத்துக்கு இந்தக் கோயிலில் நாள் குறித்து, பத்திரிகை அடித்து, மாப்பிள்ளை வீட்டுக்கும் கொடுத்தாகிவிட்டது. வருகிற புதன்கிழமை. போன வாரம் அந்தப் பெண் பாஸ்டர் வீட்டுச் சமையலறைப் பக்கமாக வந்து, ஒன்றும் கேட்காமல், கழுவின பாத்திரங்களைத் துடைத்து அடுக்கிக்கொண்டே நின்றாள். பாஸ்டரம்மாவுக்குத் தாங்கவில்லை. "அழாதடி. புதன்கிழமை அந்தக் கோயில்ல உனக்கு நான்தான் வாசிப்பேன். ஐயா பார்த்துப்பார்" என்று வாக்குக் கொடுத்துவிட்டாள்.

ஐயா பார்த்தார். சும்மா பார்த்துக்கொண்டே இருந்தார்.

சனிக்கிழமை சாயங்காலம் சாவிச் சத்தம் கேட்டது. செயலாளர் வந்து பாஸ்டரின் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். பாஸ்டர் எதிரே இருந்த பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"ஐயா, புதன்கிழமை கோயில் திறக்க மாட்டோம். வெள்ளையடிக்கிறோம்."

"இப்பத்தானே அடிச்சோம், சார்?"

"இன்னொரு கை அடிக்கலாம்னு இருக்கோம்."

"கல்யாணம்..."

"மன்னிப்புக் கேட்கச் சொல்லுங்க. இல்லேன்னா ஏதாவது ஹால்ல வச்சுக்கட்டும். ஒழுங்குன்னு ஒண்ணு வேணும் பாருங்க. நீங்க சின்ன வயசு, இளகின மனசு. உங்களுக்கு முன்னாடி இருந்தவரும் இப்படித்தான் இளகினார். இப்ப எங்க இருக்கார்னு தெரியும்ல?"

"பார்க்கலாம் சார்" என்றார் பாஸ்டர்.

பாஸ்டரம்மா செயலாளரின் முன்னால் தேநீர்க் கோப்பையை வைத்த வேகத்தில் பாதித் தேநீர் சாசருக்குப் போய்விட்டது. அவர் சாசரில் இருந்ததையும் நிதானமாகக் குடித்து முடித்துவிட்டுத்தான் கிளம்பினார்.

கதவு மூடியதும் அவள் பிடித்துக்கொண்டாள். "நான் ஒண்ணு கேட்கிறேன், பதில் சொல்லுங்க. இந்தக் கோயில்ல நீங்க யாரு?"

"நான் வேலைக்காரன்மா. ஊழியம்னாலே வேலைக்காரன்தானே?"

"யாரோட வேலைக்காரன்? அதைச் சொல்லுங்க."

பாஸ்டர் நாளைய பிரசங்கத்துக்குக் குறிப்பு எழுதவேண்டும் என்று எழுந்து போய்விட்டார். அதன்பிறகு பாஸ்டரம்மா அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் கத்தினால் வீட்டில் ஒன்றும் ஆகாது. அவள் பேசாமல் இருந்தால்தான் பாஸ்டருக்குக் கை கால் ஓடாது. ஞாயிறு காலை, சட்டைப் பொத்தானை ஒரு ஓட்டை தள்ளிப் போட்டுக்கொண்டு கோயிலுக்குக் கிளம்பினார். பார்த்தும் பார்க்காத மாதிரி அவள் விட்டுவிட்டாள். நல்லவேளை, மேலே அங்கி இருந்தது.

கோயிலில் கூட்டம் நிரம்பி வழிந்தது. செயலாளர் எழுந்து, மைக்கின் ஊளைக்கு நடுவே, வரும் புதன்கிழமை வெள்ளையடிப்பு வேலை காரணமாகக் கோயில் மூடியிருக்கும் என்று அறிவித்தார். சபையே சுவரைப் பார்த்தது. சுவர் பளீரென்று இருந்தது. வாய் திறந்து கேட்க ஒருவருக்கும் தைரியம் இல்லை. திறந்திருந்த வாசல் வழியாக மைக்காரரின் முதுகு தெரிந்தது. அது கொஞ்சம் கூன் போட்டது. பக்கத்தில் அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள்.

பிரசங்கம் வந்தது, கடிகாரம் காதுக்குப் போனது, பிரசங்கம் நின்றது. காணிக்கை எடுத்தார்கள். கடைசிப் பாட்டும் முடிந்தது. எல்லோரும் எழுந்து தலை குனிந்தார்கள். பாஸ்டர் பீடத்துப் படியில் வந்து நின்று இரண்டு கையையும் உயர்த்தினார். பாஸ்டரம்மா விரல்களை ஆமென்னில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

கிருபை வந்தது. அன்பு வந்தது. ஐக்கியமும் வந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை.

முதலில் எல்லோரும் அவர் மூச்சு வாங்குகிறார் என்றுதான் நினைத்தார்கள். பிறகு யாரோ தொண்டையைச் செருமினார்கள். பாஸ்டரம்மா ஓரக்கண்ணால் பார்த்தாள். மனிதர் பேயறைந்தவர் மாதிரி நிற்கிறார். கை மேலே இருக்கிறது, கண் திறந்திருக்கிறது. 'ஐயோ, மறந்துட்டாரா? இத்தனை வருஷமா வாரா வாரம் சொல்றதை!' என்று அவளுக்கு உயிரே போய்விட்டது. "உங்கள்..." என்று வாயசைத்து எடுத்துக்கொடுத்தாள். அவர் அவளைப் பார்க்கவில்லை. வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே மைக்காரரும் மகளும் எழுந்து நின்று, எல்லோரையும் போலத் தலை குனிந்து காத்திருந்தார்கள்.

பாஸ்டர் கையை இறக்கினார்.

"அடுத்த வார்த்தையை என்னால சொல்ல முடியலை" என்றார். "'அனைவரோடும்'னு சொல்லணும். அனைவரும் உள்ள இல்லையே. ஆண்டவர் பேரைச் சொல்லிட்டு எப்படிப் பொய் சொல்றது? அவங்க உள்ள வரட்டும், சொல்றேன்."

சொல்லிவிட்டுத் தன் நாற்காலியில் போய் உட்கார்ந்துகொண்டார்.

சபைக்கு ஒன்றும் புரியவில்லை. நிற்பதா, உட்காருவதா? பாதிப் பேர் உட்கார்ந்தார்கள், மீதிப் பேர் நின்றார்கள், பிறகு இடம் மாறிக்கொண்டார்கள். செயலாளரின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. இருந்தாலும் கோயில் அல்லவா? "ஜெபிப்போம்" என்று ஆரம்பித்தார். பணிவில்லாத ஊழியர்களுக்குப் புத்தி கொடும் என்றார், இடமாற்றம் என்ற சொல்லை இரண்டு முறை ஆண்டவருக்கு ஞாபகப்படுத்தினார், சபை ஒழுங்கைப் பற்றி ஆண்டவருக்கே ஒரு வகுப்பு எடுத்தார். முடிந்ததும் பாஸ்டர் எல்லோரையும்விடச் சத்தமாக "ஆமென்" என்றார். எழுந்திருக்கவில்லை.

"சரி, எல்லாரும் கிளம்புங்க. ஆராதனை முடிஞ்சது" என்றார் செயலாளர்.

ஒரு தலை அசையவில்லை. பொருளாளரின் மனைவி மட்டும் கையைத் தூக்கினாள். "எனக்கு நாளைக்குக் கண் ஆபரேஷன். ஆசீர்வாதம் வாங்காம நான் தெருவுல இறங்க மாட்டேன். இங்கேயே படுத்துக்கச் சொன்னாலும் படுத்துப்பேன்." சொன்னதோடு நிற்காமல், வந்த கோபத்தில் போய் மின்விசிறியை அணைத்துவிட்டாள்.

அவ்வளவுதான். நேரம் ஆக ஆக வியர்வை ஆறாகப் பெருகியது. ஒருவருக்கு அடுப்பில் வைத்துவிட்டு வந்த ஞாபகம், இன்னொருவருக்கு வண்டி பிடிக்கும் அவசரம். குழந்தைகள் பெஞ்சுக்கு அடியில் புகுந்து தங்களுக்கென்று ஒரு தனிச் சபையே ஆரம்பித்துவிட்டார்கள். "அவரை உள்ள விட்டாத்தான் என்ன?" என்று பின் வரிசையில் ஒரு குரல் கேட்டது. செயலாளர் திரும்பிப் பார்த்தார். குரல் காணாமல் போனது.

"நான் போறேன்யா! யார் தடுக்கிறாங்கன்னு பார்க்கிறேன்!" சாவிக்கொத்து குலுங்க அவர் விடுவிடுவென்று வாசலுக்கு நடந்தார். ஒரு காலைத் தூக்கினார். தூக்கிய கால் அப்படியே நின்றது.

அந்த மனிதரைப் பற்றி ஆயிரம் குறை சொல்லலாம். ஆனால் அவர் பக்தி மட்டும் பொய்யில்லை. விவரம் தெரிந்த நாளிலிருந்து ஆசீர்வாதம் வாங்காமல் அவர் கோயிலை விட்டு இறங்கியதே கிடையாது. மனைவியை அடக்கம் செய்த மறுநாள் ஞாயிறுகூட, அதற்காகத்தான் வந்து உட்கார்ந்திருந்தார். அந்தக் கால் வாசலைத் தாண்ட மறுத்தது. மெல்ல உள்பக்கமே இறங்கியது. அதைப் பார்த்த பாஸ்டரம்மாவுக்கு, அவ்வளவு கோபத்திலும், அவர்மேல் ஒரு பரிதாபம் வந்துவிட்டது.

வாசற்படிக்கு இந்தப் பக்கம் செயலாளர், வெளியே போக முடியவில்லை. அந்தப் பக்கம் மைக்காரர், உள்ளே வர முடியவில்லை. இருவரும் மூக்கும் மூக்கும் உரசும் தூரத்தில் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டு நின்றார்கள்.

அந்த நேரம் பார்த்துப் பொருளாளரின் மச்சான், சும்மா இருப்பானேன் என்று மைக்பெட்டியில் எதையோ திருகினார். ஊளை என்றால் அப்படி ஒரு ஊளை! கைக்குழந்தைகள் வீறிட்டன. எல்லோரும் காதைப் பொத்திக்கொண்டார்கள். மச்சான் பதறிப்போய் இன்னொன்றைத் திருக, அது இரண்டு மடங்கானது.

"யோவ்! அதை நிறுத்துய்யா!" என்று கத்தினார் செயலாளர், மைக்காரரைப் பார்த்து.

"நான் வெளியில இருக்கேன் சார்" என்றார் மைக்காரர்.

"உள்ள வந்து நிறுத்தித் தொலையேன்!"

"வரலாமா சார்?"

"வாய்யா!"

"பொண்ணும் வரலாமா?"

"ஊரையே கூட்டிட்டு வா! முதல்ல அதை நிறுத்து!"

மைக்காரர் செருப்பைக் கழற்றி, இடதையும் வலதையும் அறிவிப்பில் சொன்னபடி ஒழுங்காகத் திருப்பி விட்டுவிட்டு, மகளோடு உள்ளே வந்தார். பெட்டியில் கை வைத்தார். ஊளை நின்றது. அப்படி ஓர் அமைதி அந்தக் கோயிலில் பல வாரமாக இருந்ததில்லை.

பாஸ்டர் ஒரு நொடிகூடத் தாமதிக்கவில்லை. ஒரே பாய்ச்சலில் படிக்கு வந்து கையை உயர்த்தி, விட்ட இடத்திலிருந்து எடுத்து, "உங்கள் அனைவரோடும் இருப்பதாக!" என்று கோயில் அதிரச் சொன்னார். எல்லோரும் தலை குனிந்து ஆமென்னுக்குக் காத்திருந்தார்கள்.

ஆமென் வரவில்லை.

பாஸ்டரம்மா விரலைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு அப்போதுதான் உறைத்திருந்தது. 'ஆசீர்வாதம் ஆயிடுச்சு. ஆமென்னும் ஆயிட்டா அத்தனை பேரும் சிட்டாய்ப் பறந்துடுவாங்க. புதன்கிழமை?' இடமாற்றம், பெட்டி கட்டுவது, பிள்ளைக்கு மறுபடியும் புதுப் பள்ளிக்கூடம் என்று எல்லாம் கண்முன் வந்து போயின. பக்கத்தில் அந்தப் பெண் வந்து, பழைய இடத்தில், பக்கம் திருப்பத் தயாராக நின்றாள்.

"ஆமென் வாசிம்மா" என்றார் பாஸ்டர் மெதுவாக.

"விரல் வரமாட்டேங்குதுங்க" என்றாள் அவள், எல்லோருக்கும் கேட்கும்படி. "புதன்கிழமை சாவி யார்கிட்ட இருக்கும்னு தெரிஞ்சா வரும்னு நினைக்கிறேன்."

அதற்குள் பொருளாளரின் மனைவி, "யோவ், கொடுத்துத் தொலையேன்யா! என் கண்ணு என்ன ஆகிறது?" என்று ஆரம்பித்துவிட்டாள். பின்வரிசைக் குரல் திரும்ப வந்தது. இந்த முறை அது பத்துக் குரலாக வந்தது. செயலாளர் சபையைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், மைக்காரரைப் பார்த்தார். பிறகு நடந்து வந்து, இடுப்பிலிருந்து சாவிக்கொத்தைக் கழற்றி, கீபோர்டின் மேல் வைத்தார். அது நாலைந்து கட்டைகளில் விழுந்து ஒரு கோணல் சத்தம் எழுப்பியது.

பாஸ்டரம்மா சாவியை எடுத்து அந்தப் பெண்ணின் கையில் கொடுத்துவிட்டு, மூன்று ஆமென்னையும் வாசித்தாள்.

வீட்டுக்கு வந்ததும் பாஸ்டர் அங்கியைக் கழற்றினார். அவள் தண்ணீர் கொடுத்தாள். சட்டைப் பொத்தானையும் அவிழ்த்துச் சரியாகப் போட்டுவிட்டாள்.

"உண்மையைச் சொல்லுங்க. முன்னாடியே யோசிச்சு வச்சிருந்தீங்களா?"

"யோசனையா? சத்தியமா மறந்துடுச்சும்மா. நீ நேத்துலேருந்து பேசலை, மண்டையே காலியாயிடுச்சு. என்ன வார்த்தைன்னு தேடிக் கண்ணைத் திறந்தா, அவங்க ரெண்டு பேரும் வெளியில தலை குனிஞ்சு நிக்கிறாங்க. உடனே வார்த்தை ஞாபகம் வந்துடுச்சு. வந்த பிறகுதான் சொல்ல முடியலை."

பாஸ்டரம்மாவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. அவர் தலைமுடியைக் கோதிவிட்டு, "இப்பத் தெரியுது நீங்க யாரோட வேலைக்காரர்னு" என்றாள்.

புதன்கிழமை கல்யாணம் அமர்க்களமாக நடந்தது. செயலாளர் வர மாட்டார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். வந்தார். சாவி இல்லாத இடுப்போடு, சத்தமில்லாமல் வந்து முன் இருக்கையில் உட்கார்ந்தார். அறிவிப்பு ஒன்றும் வாசிக்கவில்லை. மைக்காரரே போய் "ரெண்டு வார்த்தை பேசுங்க சார்" என்று கூப்பிட்டும், "வேண்டாம்யா" என்று கையை ஆட்டிவிட்டார். கடைசியில் எல்லோரும் எழுந்து தலை குனிந்தார்கள். பாஸ்டர் கையை உயர்த்தப் போனார்.

"ஒரு நிமிஷம், ஒரு நிமிஷம்!" என்று செயலாளர் பதறி எழுந்தார்.

அவர் யாரையும் பார்க்காமல் வாசலுக்கு ஓடினார். வெளியே வண்டி ஓட்டிவந்த டிரைவர்கள் மூன்று பேர் மரத்தடியில் நின்றுகொண்டிருந்தார்கள். பூ கொண்டுவந்த ஆள் ஒருவர் ஸ்கூட்டரில் உட்கார்ந்திருந்தார். சம்பந்தமே இல்லாமல் தெருவோடு போன ஒருவர், கூட்டத்தை வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றார்.

"யோவ், உள்ள வாங்கய்யா! எல்லாரும் வாங்க, சீக்கிரம்!" என்று ஒவ்வொருவராகத் தோளைப் பிடித்து உள்ளே தள்ளினார் செயலாளர். "நீங்க வெளியில நின்னா அந்த மனுஷன் முடிக்க மாட்டார்!"